அடைப்புக்குறிக்குள் ஒரு சீசன்: 7-1 என்றால் என்ன?

அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ அக்டோபர், நவம்பரில் போய் இருந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். சனிக்கிழமை மதியம் டிவியைப் போட்டால் எந்த சேனலைத் திருப்பினாலும் ஹெல்மெட் போட்ட ஆட்கள் முட்டி மோதிக்கொண்டிருப்பார்கள். அணியின் பெயருக்குப் பக்கத்தில் 11-1 (7-1) என்று ஏதோ எழுதியிருக்கும். ஸ்கோர் என்று நினைத்தால் ஸ்கோர் இல்லை. அந்த சீசனில் அதுவரை 11 ஆட்டம் ஜெயித்து ஒன்றில் தோற்ற அணி என்று அர்த்தம். சரி, அடைப்புக்குள் இருக்கும் 7-1?

எனக்கு அது புரிய ஒரு முழு சீசன் பிடித்தது. முதல் எண் ஊருக்கு, அடைப்புக்குள் இருப்பதுதான் வீட்டுக்கு. கல்லூரி ஃபுட்பாலில் ஓர் அணி எப்படி ஆடியது என்று தெரிய வேண்டுமானால் முதலில் அடைப்புக்குள் பார்க்க வேண்டும். இதை வெறும் விதிகளாகச் சொன்னால் தூக்கம் வரும். அதனால் ஓர் அணியின் ஒரே ஒரு சீசனை எடுத்துக்கொள்கிறேன்: அலபாமா மாநிலத்தில் இருக்கும் ஆபர்ன் பல்கலைக்கழக அணி, 2013.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். இது நம்மூர் கால்பந்து இல்லை. காலால் உதைப்பது எப்போதாவதுதான். இது நிலம் பிடிக்கும் ஆட்டம். 100 கஜ மைதானம், பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. இரு முனையிலும் கோட்டுக்கு அப்பால் 10 கஜ ஆழத்தில் எண்ட் ஸோன் என்று ஒரு பட்டை. பந்தை அங்கே கொண்டு சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. அதன் மேல் ஓர் உதையில் இன்னொரு புள்ளி சேர்க்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாது என்று தோன்றினால் நின்ற இடத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைக்கலாம். அது ஃபீல்ட் கோல், 3 புள்ளி. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது கான்ஃபரன்ஸ். மாநாடு என்று அகராதி சொல்லும், அதை நம்ப வேண்டாம். இது கல்லூரிகள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு கூட்டு. மேல்மட்டக் கல்லூரி ஃபுட்பாலில் 120க்கும் மேற்பட்ட அணிகள். உடம்பை நொறுக்கும் ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுதான் ஆட முடியும். சீசனுக்கு மொத்தம் 12 ஆட்டம். 120 அணிகள், ஆளுக்கு 12 ஆட்டம் என்றால் யார் பெரியவர் என்று எப்படி முடிவு செய்வது? ஐ.பி.எல்.லில் எல்லா அணியும் எல்லா அணியையும் சந்தித்துவிடும், பாயின்ட்ஸ் டேபிளைப் பார்த்தால் போதும். இங்கே அது நடக்காத காரியம். அதனால் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து ஒரு கூட்டு வைத்துக்கொண்டு, அதற்குள் ஆடி, அதற்குள் ஒரு சாம்பியனைத் தேர்ந்தெடுக்கின்றன. டிவி ஒளிபரப்பு உரிமையையும் கூட்டாகவே விற்றுப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஆபர்ன் இருப்பது சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸில். சுருக்கமாக எஸ்.இ.சி. 1932-ல் தொடங்கியது. தென்கிழக்கு மாநிலங்களில் இதுதான் மதம் என்று சொல்வார்கள், பெரிய மிகையில்லை. 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் தேசிய சாம்பியன் இந்த ஒரு கூட்டிலிருந்துதான் வந்தது. சீசன் முழுக்க ஒருவரையொருவர் வெறுப்பவர்கள்கூட, வெளி கான்ஃபரன்ஸ் அணியை அடித்துவிட்டால் 'எஸ்-இ-சி, எஸ்-இ-சி' என்று கத்துவார்கள். பங்காளிச் சண்டை வாசலோடு சரி, தெருவில் வந்தால் ஒரே குடும்பம்.

2013-ல் எஸ்.இ.சி.யில் 14 அணிகள். மேற்கில் ஏழு, கிழக்கில் ஏழு என்று இரண்டு பிரிவு. ஆபர்ன் மேற்கில், கூடவே அலபாமா, எல்.எஸ்.யூ., டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஓல் மிஸ், மிசிசிப்பி ஸ்டேட், ஆர்கன்சா. 12 ஆட்டத்தில் எட்டு கான்ஃபரன்ஸ் ஆட்டம்: சொந்தப் பிரிவின் ஆறு அணிகளோடும் ஆறு, எதிர்ப் பிரிவிலிருந்து இரண்டே இரண்டு. அடைப்புக்குள் வருவது இந்த எட்டின் கணக்குதான். அந்த இரண்டில் ஒன்று ஆண்டுதோறும் மாறாத பகையாளி. ஆபர்னுக்கு அது ஜார்ஜியா, 1892-லிருந்து ஆடிவருகிறார்கள்.

மீதி நான்கு ஆட்டமும் வெளி ஆட்கள். இதை யாரும் பெரிதாக விளக்க மாட்டார்கள், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். பெரிய அணிகள் சின்னக் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் மைதானத்துக்கு வரவழைத்து அடித்து அனுப்பும். சின்னக் கல்லூரிக்கு அந்தப் பணத்தில் விளையாட்டுத் துறையே ஓடும். அந்த ஆண்டு அக்டோபரில் வெஸ்டர்ன் கரோலினா வந்தது, 62-3 என்று வாங்கிக்கொண்டு போனது. இதுவும் ஒரு வெற்றிதான், 12-ல் ஒன்றாக எண்ணப்படும். ஆனால் அடைப்புக்குள் வராது. அடைப்புக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பது இங்கேயே புரிந்துவிடும்.

2012-ல் ஆபர்னின் அடைப்புக்குள் இருந்தது 0-8. ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. மொத்தமாகப் பார்த்தாலும் 3-9. இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2010-ல், தேசிய சாம்பியனாக இருந்த அணி இது. பயிற்சியாளர் ஜீன் சிசிக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். சாம்பியன் ஆண்டில் அவருக்குக் கீழே தாக்குதல் ஆட்டத்தைக் கவனித்த கஸ் மால்ஸான் திரும்பி வந்தார். இடையில் ஓராண்டு ஆர்கன்சா ஸ்டேட் என்ற சின்ன அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு வந்தவர். ஆபர்னில் அவர் ஆடிய இரண்டாவது ஆட்டமே அந்தப் பழைய பையன்களோடுதான். 38-9 என்று ஜெயித்தார்.

குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி வேலையைத் தொடங்கி வைக்கும் ஆள், நிக் மார்ஷல். அவரும் ஒரு சுற்று சுற்றி வந்தவர். முதலில் ஜார்ஜியா அணியில் தடுப்பாட்டக்காரர். அங்கிருந்து விலக நேர்ந்து, கன்சாஸில் ஓர் இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிவிட்டு ஆபர்னுக்கு வந்தார். பந்தை எறிவதைவிட ஓடுவதில் கில்லாடி. மால்ஸானின் ஆட்டத்துக்கு அதுதான் தேவை.

அந்த ஆட்டத்தின் அச்சாணியான ஒரு நகர்வைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மார்ஷல் பந்தை வாங்குகிறார். பக்கத்தில் ட்ரே மேசன் ஓடி வருகிறார். மார்ஷல் பந்தை அவர் வயிற்றில் வைக்கிறார், ஆனால் கையை எடுக்கவில்லை. கண் மட்டும் எதிரணியின் ஓரத் தடுப்பாளர் ஒருவர் மேல். அவர் மேசனைப் பிடிக்கப் பாய்ந்தால் மார்ஷல் பந்தை உருவிக்கொண்டு தானே ஓடுவார். பாயாமல் நின்றால் பந்து மேசனுக்கு. முடிவு ஒரு கண்ணிமைப்பில். எதிராளி எதைச் செய்தாலும் அது தப்பாகிவிடும். ஒரு நகர்வு முடிந்து எல்லோரும் எழுந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுவார்கள். அந்த சீசனில் ஓட்டத்தால் மட்டும் ஆட்டத்துக்குச் சராசரி 328 கஜம் எடுத்தார்கள். நாட்டிலேயே முதலிடம்.

கான்ஃபரன்ஸ் கணக்கு செப்டம்பர் 14-ல் தொடங்கியது. மிசிசிப்பி ஸ்டேட்டோடு பின்தங்கியிருந்து, 10 விநாடி மிச்சமிருக்கும்போது டச்டவுன் எறிந்து 24-20. அடைப்பு 1-0. அடுத்த வாரம் எல்.எஸ்.யூ. மைதானத்தில் 35-21 என்று தோல்வி. 1-1. அன்று யாரும் இந்த அணியைச் சட்டை செய்யவில்லை. பிறகு ஓல் மிஸ்ஸை வென்றார்கள். அக்டோபர் 19-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஊருக்கே போய், ஜானி மான்சியல் அங்கே நட்சத்திரமாக இருந்த நாளில், கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் 45-41. ஆர்கன்சா, டென்னசி இரண்டும் சிரமமில்லாமல். நவம்பர் நடுவில் அடைப்பு 5-1.

நவம்பர் 16, ஜார்ஜியா. 37-17 என்று முன்னிலையில் இருந்த ஆபர்ன் கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்று டச்டவுன் கொடுத்து 38-37 என்று பின்தங்கியது. ஒரு நிமிடம்கூட இல்லை. நாலாவது வாய்ப்பு, வேண்டியது 18 கஜம். மார்ஷல் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாற்போல் தொலைவாக எறிந்தார். அங்கே ஜார்ஜியாவின் இரண்டு பேர் நிற்கிறார்கள். பந்தை அவர்களே பிடித்திருக்கலாம், கீழே தட்டியிருக்கலாம். ஒருவர் கையில் பட்டுப் பந்து மேலே எழும்பி, பின்னால் ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டோ லூயிஸ் தோளுக்கு மேல் வந்து விழுந்தது. 73 கஜ டச்டவுன், 25 விநாடி பாக்கி, 43-38. மார்ஷல் ஒரு காலத்தில் போட்டிருந்த சட்டைக்காரர்கள் மேல் அந்த எறி. 6-1.

இப்போதுதான் கணக்கு சூடு பிடிக்கிறது. மேற்குப் பிரிவில் அலபாமா 7-0, ஆபர்ன் 6-1. பாக்கி இருப்பது ஒரே ஆட்டம், அதுவும் இவர்களுக்குள்ளேயே. அலபாமா ஜெயித்தால் 8-0, பேச்சே இல்லை. ஆபர்ன் ஜெயித்தால் இரண்டும் 7-1. சமமானால் நேருக்கு நேர் மோதியதில் யார் ஜெயித்தார் என்பதே முதல் தீர்ப்பு. ஆக, ஜெயிக்கிறவர்தான் மேற்கின் சாம்பியன். ரன் ரேட்டோ கோல் வித்தியாசமோ எதுவும் இல்லை. பிரிவுக்குள் எல்லோரும் எல்லோரையும் சந்திப்பதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்கும். அது எனக்குப் பிடித்த ஏற்பாடு. இப்போது இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆபர்ன்-அலபாமா ஆட்டத்துக்கு அயர்ன் பவுல் என்று பெயர். நெடுங்காலம் இது பர்மிங்காம் நகரில் நடந்தது. அது இரும்பு உருக்கும் ஊர், பெயர் அப்படி வந்தது. 1907-க்குப் பிறகு 1948 வரை இந்த இரு அணிகளும் ஆடாமலே இருந்தன, அவ்வளவு மனக்கசப்பு. 2010-ல் ஓர் அலபாமா ரசிகர், ஆபர்ன்காரர்கள் வெற்றியைக் கொண்டாடும் நாற்சந்தியில் நின்ற பழைய ஓக் மரங்களுக்கு விஷம் வைத்தார். மரங்கள் பிழைக்கவில்லை, 2013 ஏப்ரலில் வெட்டி எடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 30-ல்தான் இந்த ஆட்டம், ஆபர்னின் ஜார்டன்-ஹேர் மைதானத்தில். அலபாமா நாட்டில் முதல் இடம், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் தேசிய சாம்பியன். ஆபர்ன் நாலாவது இடம்.

அலபாமா 28-21 என்று முன்னே. கடைசி நிமிடத்துக்குள் மார்ஷல் பந்தோடு இடப்பக்கம் ஓடுகிறார், இன்றைக்கு முழுக்க ஓடியதுபோல. ஓரத்தில் இருந்த தடுப்பாளர் தன் ஆளை விட்டுவிட்டு அவரைப் பிடிக்க முன்னே வருகிறார். நகர்வு தொடங்கிய கோட்டுக்கு ஓரடி பின்னால் மார்ஷல் பந்தைத் தூக்கிப் போட்டார், தனியாக நின்ற சேமி கோட்ஸுக்கு. 39 கஜம், 32 விநாடி பாக்கி, 28-28. மேலே சொன்ன அந்த உருவும் வித்தையின் மூன்றாவது முகம் இது.

அலபாமா கடைசியாக ஓடிய ஓட்டத்தோடு நேரம் முடிந்துவிட்டது என்று கடிகாரம் பூஜ்யம் காட்டியது. அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் விடவில்லை, ஆள் கோட்டுக்கு வெளியே போனபோது ஒரு விநாடி இருந்தது என்று வாதாடினார். ரீப்ளே பார்த்து ஒரு விநாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒரு விநாடிக்கு 57 கஜத்திலிருந்து ஃபீல்ட் கோல் முயற்சி. அன்று வழக்கமான உதையாளரின் மூன்று முயற்சியும் வீணாகியிருந்ததால் ஆடம் கிரிஃபித் என்ற முதலாண்டுப் பையனை அனுப்பினார்கள்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத விதி. ஃபீல்ட் கோல் கம்பம் வரை போகாமல் உள்ளேயே விழுந்தால் பந்து செத்துப் போவதில்லை, எதிரணி பிடித்துக்கொண்டு ஓடலாம். ஆபர்ன் அதற்காகவே கிறிஸ் டேவிஸைக் கம்பத்தடியில் நிறுத்தியது. உதை குறைந்து விழுந்தது, டேவிஸ் பிடித்தார், ஓடினார். துரத்துவதற்கு யார் இருந்தார்கள் என்று பாருங்கள்: ஃபீல்ட் கோலுக்கு இறங்கும் அணியில் பெரும்பாலும் 130 கிலோ மலைகள், உதையாளரை மறைத்து நிற்பதே அவர்கள் வேலை. ஓடும் ஆளைத் துரத்திப் பிடிக்கும் கால் அவர்களிடம் இல்லை. டேவிஸ் இடது ஓரமாகக் கோட்டை மிதிக்காமல் வளைந்து, எண்ட் ஸோனின் ஆழத்தையும் சேர்த்து 109 கஜம் ஓடி முடித்தார். 34-28. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். ஆபர்ன் 7-1, அலபாமா 7-1, சாம்பியன் ஆபர்ன். சேபன் அந்த ஒரு விநாடியைக் கேட்காமல் இருந்திருந்தால் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும்.

பிரிவு ஜெயித்தால் அடுத்து அட்லாண்டா. மேற்கு சாம்பியனும் கிழக்கு சாம்பியனும் மோதும் எஸ்.இ.சி. இறுதி ஆட்டம் 1992-ல் தொடங்கியது. 12 அணிகளும் இரண்டு பிரிவும் இருந்தால் இப்படி ஓர் ஆட்டம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி முன்பே ஏட்டில் இருந்தது. அதைப் பார்த்து இரண்டு அணிகளைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டது எஸ்.இ.சி. இப்போது எல்லா பெரிய கூட்டும் இதைச் செய்கிறது, டிக்கெட்டும் டிவியும் கொட்டுகிறதே. 2013-ல் கிழக்கிலிருந்து வந்தது மிசூரி, அதுவும் 7-1. டிசம்பர் 7 ஆட்டத்தில் ஆபர்ன் 59-42. மேசன் 46 தடவை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி 304 கஜம், நான்கு டச்டவுன். இந்த ஆட்டம் மொத்தக் கணக்கில் சேரும், அடைப்புக்குள் சேராது. 7-1 அப்படியே நிற்கும், மேலே சாம்பியன் என்று ஒரு பட்டம் மட்டும்.

கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஆனாலும் தேசிய இறுதிக்குத் தானாகப் போக முடியாது. அப்போது பி.சி.எஸ். என்ற முறை: இரண்டு வாக்கெடுப்பு, ஆறு கணினிக் கணக்கு, எல்லாம் கலந்து ஒரு பட்டியல். அதில் முதல் இரண்டு அணிகள் மட்டும் ஒரே ஆட்டம். ஆபர்ன் மூன்றாம் இடத்தில் இருந்தது. அதே டிசம்பர் 7 இரவில், வேறொரு கான்ஃபரன்ஸ் இறுதியில், இரண்டாம் இடத்திலிருந்த ஒஹையோ ஸ்டேட் மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோற்றது. கதவு திறந்தது. 2014 ஜனவரி 6-ல் கலிஃபோர்னியாவின் பசடீனாவில், ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக 21-3 என்று முன்னிலை பெற்ற ஆபர்ன், 13 விநாடி மிச்சமிருக்கும்போது டச்டவுன் வாங்கி 34-31 என்று தோற்றது. கடைசி நிமிட அதிர்ஷ்டம் அன்று எதிர்ப்பக்கம் உட்கார்ந்துவிட்டது. எஸ்.இ.சி.யின் ஏழாண்டுத் தொடரும் அதோடு அறுந்தது. மொத்தம் 12-2.

அதற்குப் பிறகு ஏற்பாடெல்லாம் மாறிவிட்டது. பி.சி.எஸ். போய் நான்கு அணி பிளேஆஃப் வந்தது, 2024-ல் அது 12 அணி ஆனது. டிவி பணத்துக்காகக் கல்லூரிகள் கூட்டு விட்டுக் கூட்டு தாவுகின்றன. பத்து என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் பிக் டென்னில் இப்போது 18 அணிகள். அட்லாண்டிக் கரை என்று பெயர் வைத்த கூட்டில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு இருக்கிறது. எஸ்.இ.சி.யும் 2024-ல் டெக்சாஸையும் ஓக்லஹோமாவையும் சேர்த்து 16 ஆனது. கிழக்கு, மேற்கு பிரிவுகள் ஒழிந்தன. இப்போது மொத்தப் பட்டியலில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அட்லாண்டாவுக்குப் போவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 16 பேரில் எட்டு ஒன்பது பேரை மட்டும் சந்தித்துவிட்டுச் சமமாக நிற்பவர்களை எப்படிப் பிரிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 2013-க்கு இன்றைய விதியை வைத்தால் ஆபர்ன், அலபாமா, மிசூரி மூன்றும் 7-1, இடம் இரண்டே. ஆபர்ன் அலபாமாவை ஜெயித்திருக்கிறது, ஆனால் மிசூரி இந்த இருவரையும் சந்திக்கவே இல்லை, எனவே நேருக்கு நேர் பார்த்துப் பயனில்லை. அடுத்தது, மூவரும் பொதுவாக ஆடிய எதிராளிகள். டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஓல் மிஸ், டென்னசி என்று மூன்றே அணிகள். மூவரும் மூன்றையும் ஜெயித்திருக்கிறார்கள். மறுபடி சமம். அதற்கும் பிறகு வரும் ஒரு படி, அவரவர் சந்தித்த எட்டு எதிராளிகளும் கான்ஃபரன்ஸுக்குள் மொத்தம் எத்தனை ஜெயித்தார்கள் என்று கூட்டுவது. அதாவது யார் கடினமான பாதையில் வந்தார் என்று அளப்பது. ஆபர்னின் எதிராளிகள் 29, மிசூரியின் எதிராளிகள் 27, அலபாமாவின் எதிராளிகள் 24. அலபாமா சந்தித்த எட்டில் கென்டக்கியும் ஆர்கன்சாவும் 0-8. ஆக அட்லாண்டாவுக்குப் போவது அதே ஆபர்ன், அதே மிசூரி. என்ன, டேவிஸ் ஓடி முடித்த அந்த நிமிடத்தில் மைதானத்துக்குள் இறங்கியவர்கள், தாங்கள் சாம்பியனா இல்லையா என்று தெரிய யாராவது கால்குலேட்டரைத் தட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.